பூங்காவுக்குப் போகும் ஊதா நூல்

பிப்ரவரி 9

என் அருமை மருமகளுக்கு அத்தை எழுதுவது.

இந்த ‘மருமகள்’ என்ற சொல்லைப் பார்த்தால் என் அக்கா குதிப்பாள். “கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போனவளுக்கு இன்னும் என்னடி மருமக பட்டம்?” என்று போன வாரம்கூடக் கேட்டாள். கையெழுத்துப் போட்டது நீயும் என் பிள்ளையும். என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அதனால் என் வரையில் நான் அத்தைதான், நீ மருமகள்தான். உனக்கு வேறு எண்ணம் இருந்தால் எழுது, போனில் மட்டும் சொல்லாதே. வேலை பார்த்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்த காது இது. இப்போது மணி அடித்தாலே எரிச்சல் வருகிறது.

நம் பூங்காவில் ஒரு கூத்து நடக்கிறது. பின்தெருப் பள்ளிக்கூடத்தின் ஓவிய டீச்சர் ஒருத்தி வந்து, பூங்காவுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கண்டுபிடிக்கப் போகிறோம் என்றாள். உறவா, கொசுக்கடிதான் உறவு என்று நான் சொன்னேன். அவள் அசரவில்லை. முதல் வாரம் எல்லோரையும் மரத்தடியில் கண்ணை மூடி உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று சொல்லச் சொன்னாள். இரண்டாவது வாரம் இலைக்கு மை தடவிக் காகிதத்தில் ஒற்றச் சொன்னாள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒற்றினேன். ஒற்றியதைப் பார்த்ததும் இன்னும் நாலு இலை பறித்துக்கொண்டு வந்தேன், அது வேறு விஷயம்.

இப்போது நடப்பது துணி வேலை. வீட்டுக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாக மூட்டி, அதில் நம் தெருக்களையும் பூங்காவையும் நீலப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். விதி ஒன்றுதான். உன் வீட்டு வாசலில் ஊசியைக் குத்த வேண்டும். தினமும் உன் கால் போகிற வழியாக நூலைக் கொண்டுபோக வேண்டும். பூங்காவில் உனக்கென்று ஓர் இடம் இருக்குமே, அங்கே முடிச்சுப் போட வேண்டும். அவரவர் வழியை அவரவர்தான் தைக்க வேண்டும்.

எதிர்வீட்டு பேங்க் மேனேஜர், அதுதான் ரிட்டயர் ஆன பிறகும் டை கட்டுபவர், ஸ்கேல் வைத்து ஒரே நேர்கோடாகத் தைத்துவிட்டார். டீச்சர் ரொம்ப மரியாதையாக, “சார், நடுவுல குளம் இருக்கே சார்” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வாட்ச்மேனுக்கு ஒரு நூல்கண்டு போதவில்லை. நாய் துரத்திய வழியெல்லாம் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

நான் மண்நிற நூல் எடுத்து, நம் வாசலிலிருந்து தூங்குமூஞ்சி மரத்தடிக் கல் பெஞ்சுவரை தைத்தேன். முடித்துப் பார்த்தால் ஏதோ குறைந்தது. நம் வீட்டு வாசலிலிருந்து சாயங்காலம் கிளம்பியது எப்போதும் இரண்டு பேர் அல்லவா? அதனால் பக்கத்திலேயே உனக்கும் ஊதா நூலில் தைத்துவிட்டேன். “அவங்கவங்கதானேம்மா தைக்கணும்?” என்று டீச்சர் இழுத்தாள். “என் மருமக. அவ வழி எனக்குத் தெரியாதா?” என்றேன்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை இதைச் சமூகக் கூடத்தில் மாட்டுகிறார்கள். நீ வர வேண்டும். அவன் அன்று வெளியூரில் இருப்பான், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது, இதுவரை காகிதத்தில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் உனக்கு இன்னும் உறவுதானா, அல்லது அக்கா சொல்வதுபோல நானாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். மனதில் வைத்துக்கொண்டு வெளியே வேறு பேச எனக்கு வராது.

அவனுக்குச் சளி. வாஷிங் மெஷின் கியாரண்டி சீட்டு எங்கே என்று உன்னிடம் கேட்கச் சொன்னான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தை


பிப்ரவரி 20

அத்தைக்கு வணக்கமும் அன்பும்.

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில், செயற்கைப் பல் செய்யும் எங்கள் பல் கூடத்தில், வைத்துப் படித்துவிட்டு, குளத்துக்கு நடுவே நடந்துபோன மேனேஜரை நினைத்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மெழுகு அச்சு கையில் இருந்தது, நசுங்கிப் போனது. முதலாளி பார்த்தார். மறுபடி செய்தேன்.

வேலை பெண்டு நிமிர்த்துகிறது. பல் செட்டுக்கு நிறம் பார்ப்பது இப்போது என் பொறுப்பு. விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது, ஆட்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, பகல் வெளிச்சத்தில் பல் மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நேற்று ஒரு பெரியவர் வந்தார். நான் தேர்ந்தெடுத்த பல்லைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெள்ளையா போட்டுக்கிட்டுப் போனா வீட்டுல சந்தேகப்படுவாங்கம்மா, கொஞ்சம் பழசா குடு” என்றார். பழசாகக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாகப் போனார்.

கியாரண்டி சீட்டு சமையலறை மேல் அலமாரியில், பழைய தகர டப்பாவுக்குள் இருக்கிறது. சளி பிடித்தவருக்கும் எட்டுகிற உயரம்தான்.

நீங்கள் எனக்கு இன்னும் உறவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதம் தவறாமல் எழுதுகிறேன், வேறு யாருக்கும் நான் கடிதம் எழுதுவதில்லை. அது ஒரு பதில் இல்லையா?

ஆனால் வருவதைப் பற்றிச் சொல்லும் முன் ஒன்று தெரிய வேண்டும். எனக்கென்று தைத்தீர்களே, அந்த ஊதா நூல் எந்த வழியாகப் போகிறது? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்
உங்கள் மருமகள்


பிப்ரவரி 28

அம்மாடி, ஒரு வழியாக ‘உங்கள் மருமகள்’ என்று போட்டுவிட்டாய். அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டாள்.

உன் வழியைக் கேட்டிருக்கிறாய். நம் வாசல், இஸ்திரிக் கடை, பிறகு பெரிய கேட்டில் நுழையாமல் பக்கத்துச் சின்னக் கேட். ‘ஏன் சுத்திப் போகணும்’ என்று முதல் நாள் நீதான் அதைக் கண்டுபிடித்தாய், அதனால் அந்த இடத்தில் ஊதா முன்னால், மண்நிறம் பின்னால். பூப்பாத்தியைச் சுற்றிக் கல் பெஞ்சு. அங்கே நான் உட்கார்வேன், மூன்றாவது மாடி நர்ஸ் வந்து சேர்வாள். நீ கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, “ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன் அத்தை” என்று குளத்தைச் சுற்றி நடக்கக் கிளம்புவாய். பூங்கா விளக்கு எரியும் நேரத்துக்குத் திரும்பி வருவாய், முகமெல்லாம் வியர்த்து, முன்முடி நனைந்து. “பாத்தியா, உடம்பை எப்படி கவனிக்கறா என் மருமக, நீயும் இருக்கியே” என்று நர்ஸை எத்தனை தடவை இடித்துக் காட்டியிருக்கிறேன் தெரியுமா? அவள் தூங்காமல் வார்டில் நின்றுவிட்டு வருபவள், பாவம்.

அதனால் ஊதா நூல் பெஞ்சிலிருந்து கிளம்பி, குளத்தைச் சுற்றி வளையம்போலப் போய், மறுபடி பெஞ்சுக்கே வருகிறது. உன் முடிச்சையும் என் முடிச்சையும் சேர்த்தே போட்டேன். துணியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கைவைப்பது அந்த வளையத்தில்தான். டீச்சர்கூட, “உங்களுதுதாம்மா எல்லாத்தையும்விட அழகு” என்றாள். விதியை மீறினால்தான் அழகு வருகிறது என்று பதில் சொன்னேன்.

சீட்டு கிடைத்துவிட்டது. அவன் நன்றி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் இருந்தது. உனக்குச் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகப் பெட்டி இன்னும் அவன் அறையில்தான் இருக்கிறது, அனுப்பவா வைக்கவா என்று கேட்கச் சொன்னான்.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது. நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

அத்தை


மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போது உங்கள் கைக்கு வருகிறது. கோபமாக எழுதவில்லை. அப்படித் தெரிந்தால் என் எழுத்தின் குறை.

நான் ஒரு நாளும் குளத்தைச் சுற்றி நடந்ததில்லை.

உங்கள் மடியில் பையை வைத்துவிட்டு உங்கள் பார்வை எட்டும்வரை குளத்துப் பக்கம் போவேன். மூங்கில் மறைத்ததும் வலது பக்கம் பிரிந்துவிடுவேன். அங்கே தோட்டக்காரர்கள் கருவிகள் வைக்கும் கொட்டகை இருக்கிறது. அதற்குப் பின்னால், கறுப்புப் பைகளில் கன்றுகள் அடுக்கிய இடத்துக்கு நடுவே, ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். அதன்மேல் உட்கார்ந்திருப்பேன். சில நாள் அழுவேன். பல நாள் ஒன்றும் செய்ய மாட்டேன், நனைந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவரும் என்னிடம் எதுவும் சொல்லாத, நானும் ஒருவருக்கும் எதுவும் சொல்ல வேண்டாத இடம் இந்த உலகத்தில் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. விளக்கு எரிந்ததும் கொட்டகைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வருவேன். நீங்கள் வியர்வை என்று நினைத்தது அந்தக் குழாய்த் தண்ணீர்.

உங்கள் பிள்ளை கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். குழம்பில் உப்பு கூடியதற்கு ஒரு வாரம், நான் பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாக வந்ததற்கு ஒரு மாதம். அந்த நாட்களில் நீங்கள் நடுவில் வருவீர்கள். “அவனுக்கு டீ வேணுமாம்.” “அந்த நீலச் சட்டை எங்கேன்னு கேக்கறான்.” “மனசுல ஒண்ணும் இல்லையாம், விட்டுடு.” வீடு ஓடட்டும் என்றுதான் செய்தீர்கள், தெரியும். ஆனால் நீங்கள் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்ததால் அவருக்கு வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நான் போகும் நாளிலும் அவர் பேசவில்லை, உங்களிடம்தான் சொல்லி அனுப்பினார்.

அத்தை, உங்களிடமிருந்தும்தான் நான் அங்கே ஓடினேன். உங்களைப் பிடிக்காமல் அல்ல. நீங்கள் என்னிடம் எது கேட்டாலும் அது அவர் கேட்டதாக இருந்தது. உங்களுக்காக நீங்கள் என்னை ஒன்றும் கேட்டதில்லை. இந்தக் கடிதங்களைப் பாருங்கள், கடைசி வரி எப்போதும் அவருடையது. நீங்கள் எனக்கு உறவுதானா என்று கேட்டீர்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

ஊதா நூலைப் பிரித்துவிடுங்கள். சரியான வழியில் மறுபடி தைக்கவும் வேண்டாம். யாருக்கும் தெரியாததால்தான் அந்த இடம் எனக்கு உதவியது. துணியில் தைத்துக் கூடத்தில் மாட்டிவிட்டால், நாளைக்கு இன்னொருத்தி அங்கே போய் உட்கார முடியாது.

மார்ச் கடைசி ஞாயிறு நான் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


மார்ச் 12

கடிதம் வந்தது. படித்தேன்.

எனக்குக் கோபம் வந்திருக்கிறது. ஆறினால் எழுதுகிறேன், ஆறாவிட்டால் எழுத மாட்டேன். குழாய்த் தண்ணீரை வியர்வை என்று நம்பி ஊரெல்லாம் பெருமை அடித்தவள் நான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? ‘நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா’ என்று உடனே நீ பதில் எழுதுவாய். எழுதாதே.

அத்தை


ஏப்ரல் 2

என் மருமகளுக்கு,

கோபம் முதலில் உன்மேல் இருந்தது. பிறகு என் பிள்ளைமேல் போனது, அங்கிருந்து செத்துப்போன என் வீட்டுக்காரர்மேல் போனது, அவரும் இதே மௌனச்சாமிதானே. நடுவில் ஒரு நாள் நர்ஸ் “உங்க மருமக வராங்களா?” என்று சாதாரணமாகக் கேட்க, அவளையும் கடித்துக் குதறிவிட்டேன். எல்லோரும் தீர்ந்துபோன பிறகு நான் மட்டும்தான் மிச்சம். என்னை என்ன செய்வது என்று தெரியவில்லை, சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சமூகக் கூடத்துக்குப் போனேன்.

தைப்பதைவிடப் பிரிப்பதுதான் கஷ்டம். நான் வேறு அழுத்தி அழுத்தித் தைத்திருக்கிறேன். குளத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாக நிமிண்டிக்கொண்டிருந்தபோது பேங்க் மேனேஜர் வந்தார்.

“ஏம்மா, அதுதானே நல்லா இருந்துச்சு? அதைப் போய்ப் பிரிக்கறீங்க?”

“வழி தப்பு சார்.”

“அப்போ சரியான வழியில தைச்சுடுங்களேன்.”

“அது எனக்குத் தெரியாது சார்.”

உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று வெளி மனிதரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு கூசியது. அவர் வேறு எதுவும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்து, குளத்துக்குள் போன தன் நூலைத் தானும் பிரிக்க ஆரம்பித்தார். உன் முடிச்சும் என் முடிச்சும் ஒன்றாக இறுகிக் கிடந்ததால், உன்னுடையதை எடுக்கும்போது என்னுடையதும் வந்துவிட்டது. என் முடிச்சை மட்டும் மறுபடி போட்டேன். நூல் போன பிறகும் துணியில் ஊசி ஓட்டைகள் இருந்தன. டீச்சர் நகத்தால் தேய்த்துப் பார்த்தாள், பாதி மூடியது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் பெஞ்சில் உட்காராமல் நேரே நடந்தேன். மூங்கிலைத் தாண்டி வலது பக்கம். கொட்டகைக்குப் பின்னால் போனால் அந்தத் தொட்டியின்மேல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். கடையில் வேலை பார்க்கிறவள்போல, சட்டையில் கடைப்பெயர் தைத்திருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தப்பு செய்து மாட்டிக்கொண்டதுபோல எழுந்தாள். யாரம்மா நீ, எந்த வீடு, ஏன் இங்கே என்று என் வாயில் வரிசையாக வந்தன. ஒன்றையும் கேட்கவில்லை, நம்புவாயா? “உக்காரும்மா, வழி தவறி வந்துட்டேன்” என்று திரும்பிவிட்டேன். நீ எழுதியது சரிதான் என்று அப்போது புரிந்தது. நான் அதைத் தைத்துக் காட்டியிருந்தால் பூங்காவே அவள் தலையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அதற்கு மறுநாள் யாரும் இல்லை. நான் உட்கார்ந்தேன். தொட்டி வெயிலில் சூடேறிக் கிடந்தது. நீ சொன்ன நனைந்த மண், கறுப்புப் பைகள், எல்லாம் இருந்தன. கொஞ்ச நேரம் நானும் ஒன்றும் செய்யாமல் இருந்து பார்த்தேன், எனக்கு அது பழக்கமில்லை, கால் ஆடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். கொட்டகைச் சுவருக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாக என் கல் பெஞ்சு அப்படியே தெரிகிறது. நர்ஸ் தனியாக உட்கார்ந்து, நான் எங்கே போனேன் என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புடவைக்கரைகூட இங்கே தெரிந்தது.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கண்ணில் பட்டதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை துணியை மாட்டினார்கள். கூடம் கொள்ளாத கூட்டம். எல்லோரும் முதலில் தேடியது அவரவர் வீட்டைத்தான். வாட்ச்மேன் தன் வீட்டுக்காரியைக் கூட்டிவந்து, விரலால் தன் நூலைத் தொட்டுக்கொண்டே துணியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். “இத்தனை தூரமா நடக்கறீங்க?” என்று அந்தம்மா கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நர்ஸின் நூல் பூங்காவுக்குள் நுழையவே இல்லை, கேட்டிலேயே முடிச்சு. “என்னடி இது, தினம் என்கூடத்தானே உக்காந்திருக்கே?” என்று கேட்டேன். “டியூட்டி முடிஞ்சு வர்றப்போ கேட்டுல நின்னு ஒரு மூச்சு இழுப்பேன். அதுதான் என் இடம். உள்ள வர்றது உங்களுக்காக” என்றாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்.

வெளியூர் போனவன் அன்று சீக்கிரமே திரும்பிவிட்டான். நேரே கூடத்துக்கு வந்து, துணிமுன் ரொம்ப நேரம் நின்றான். “எனக்கு எங்கம்மா?” என்றான்.

“நீ தைக்கவே இல்லையே.”

“நீயே சேத்துத் தைச்சிருக்கலாமே.”

“அவங்கவங்கதான் தைக்கணும்” என்றேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் பக்கமே திரும்பவில்லை.

அத்தை


ஏப்ரல் 10

என் அத்தைக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறைவதற்கு அந்தப் பூங்காவில் வேறு இடமும் உண்டு. நான் தேடிப் பிடித்தது அதை.

அந்த இடைவெளியில் நீங்கள் கையை ஆட்டி ஆட்டி நர்ஸிடம் கதை சொல்வது தெரியும். சத்தம் வராது. சத்தமில்லாமல் பார்த்தால் நீங்கள் வேறு ஆள், அத்தை. அவருடைய அம்மாவாகத் தெரிய மாட்டீர்கள். வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பெண், மடியில் என் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எழுந்து வருவேன். பெஞ்சுக்கு வந்து சேர்ந்ததும், “அவன் வந்திருப்பான், வா போலாம்” என்பீர்கள். இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. எவ்வளவு பக்கத்தில் வந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அந்தப் பூங்காவுக்கு நான் இனி வரவில்லை. அங்கே எனக்கு வேலை முடிந்துவிட்டது. நீங்கள் இங்கே வாருங்கள். ஒரே அறைதான், சமையலும் அதிலேயே. கட்டில் உங்களுக்கு, கீழே எனக்கு. பல் கூடத்துக்கு எதிரில் ஒரு திடல் இருக்கிறது. புல் மட்டும்தான், மரமும் கிடையாது, பெஞ்சும் கிடையாது. பாய் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாயங்காலம் இங்கிருப்பவர்கள் எல்லோரும் அங்கே வந்து காலை நீட்டி உட்கார்கிறார்கள். நான் இன்னும் போய் உட்காரவில்லை, வேலை முடிந்து வரும்போது ஓரமாகப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறேன். துணைக்கு ஆள் இருந்தால் போவேன்.

ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய செய்தி எதையும் கொண்டுவரக் கூடாது. நல்ல செய்தியும் வேண்டாம், கெட்ட செய்தியும் வேண்டாம். புத்தகப் பெட்டியும் வேண்டாம். உங்களால் அது முடியாது என்றால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். அவர் உங்கள் பிள்ளை. ஆனால் அப்படியென்றால் கடிதங்களையும் இத்தோடு நிறுத்திக்கொள்வோம் அத்தை. பாதி உறவை இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை.

யோசித்துப் பதில் எழுதுங்கள். அவசரமில்லை.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 18

கண்ணு,

யோசிக்க என்ன இருக்கிறது? டிக்கெட் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் வண்டி வந்து சேரும். நீ லீவு போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் நிற்காதே, பல் கூடத்தின் விலாசத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். ஜன்னலோரம் என்னையும் உட்காரவைத்துப் பல்லைப் பார். கட்டில் நீ எடுத்துக்கொள், எனக்குத் தரைதான் சௌகரியம். இந்த விஷயத்தில் என்னோடு சண்டை போடாதே.

அக்காவிடம் சொன்னேன். “எந்த உறவுல போறே?” என்றாள். “அவ கூப்பிட்டா, போறேன்” என்றேன். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அவனிடமும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, உனக்குத் தெரியாததா. நேற்று நான் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்றான். உன்னிடம் சொல்லும்படி ஒரு விஷயம் சொன்னான். சின்ன விஷயம்தான், ஒரு வரிகூட இல்லை. எக்ஸ்சேஞ்சில் விளக்கு எரிந்தால் கை தானாக ஒயரை எடுக்கும், அதுபோல எனக்கு ‘சரிடா’ என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். “சொல்லணும்னா நீயே எழுதி அவளுக்குச் சொல்லு. நான் என் மருமகளைப் பாக்கப் போறேன். அதுக்கு மட்டும்தான் போறேன்” என்றேன்.

அவன் அங்கேயே நின்றான். நான் பெற்றவள் அல்லவா. அவன் சொல்வதையெல்லாம் நானே கொண்டுபோய்ச் சொல்லிப் பழக்கிவிட்டு இப்போது திடீரென்று கையை எடுத்தால் அவன் என்ன செய்வான் என்று இருந்தது. ஆனாலும் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் போய்விட்டான். எழுதுவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது. எழுதினால் அது அவன் பாடு, படிப்பதும் கிழிப்பதும் உன் பாடு. அவன் சொன்னது என்ன என்று நான் இங்கே எழுத மாட்டேன், நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். அதனால் இதில் ஒன்றைக் கேட்டுவைக்கிறேன். யாரும் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன். பதிலை யோசித்து வை. நான் வந்ததும் அந்தத் திடலில் பாயை விரித்துப் போட்டுச் சொல், எவ்வளவு நேரமானாலும் சரி. குறுக்கே பேச மாட்டேன்.

நீ எப்படி இருக்கிறாய்?

அத்தை